வெட்டிய பத்தி

நேற்றுத் தபாலில் டாக்டர்கள் சங்கத்து மாத இதழ் வந்தது. உள்ளே எங்கள் பெரிய டாக்டரின் போட்டோ. கீழே அஞ்சலி, அதற்கும் கீழே என் பெயர். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

இந்த இதழில் நான் முதலில் பார்ப்பது மரணச் செய்திகளைத்தான். கெட்ட பழக்கம், விடுங்கள். செத்தவர் யாராக இருந்தாலும் ஒரே ஆள்தான்: வெளிநாட்டில் படித்தார், புது மெஷினை முதலில் கொண்டுவந்தார், சங்கத் தலைவராக இருந்தார், லீவே போட்டதில்லை. நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர் கையில் ஒரு நோயாளிகூடச் செத்ததில்லை போலிருக்கிறது.

வழவழப்பான தாள். முகர்ந்தால் ஈசிஜி தாள் ஞாபகம் வருகிறது.

அடையாறில் சின்ன ஆஸ்பத்திரி. பல வருஷம் முன்பு நான் அங்கே நர்ஸ், அவர்தான் பெரிய டாக்டர். ஒரு சாயங்காலம் ஊரூர்க் குப்பத்திலிருந்து ஏழுமலை என்கிற மீனவர் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு வந்தார். "ஈசிஜி எடுக்கட்டுமா டாக்டர்?" என்றேன். "வேணாம் சிஸ்டர், கேஸ் ட்ரபிள்தான்" என்றார் பெரிய டாக்டர். ஊசி போட்டு அனுப்பினோம். நானும் வற்புறுத்தவில்லை. டியூட்டி முடியப் பத்து நிமிஷம் இருந்தது, பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் அந்த மனுஷன் மாரடைப்பில் போய்விட்டார்.

மூன்றாம் நாள் டாக்டர் குப்பத்துக்குக் கிளம்பினார். மற்ற டாக்டர்கள் வாசலிலேயே மறித்தார்கள். "நீங்க ஒத்துக்கிட்டா நாளைக்கு எங்களையும் இழுப்பாங்க சார்." அவர் கேட்கவில்லை. நானும் கூடப் போனேன்.

வலை குவித்திருந்த சந்தில் நின்று ஏழுமலை மனைவியிடம் சொன்னார்: "ஈசிஜி எடுத்திருக்கணும்மா. எடுக்கல. என் தப்பு."

அவள் அவரையே பார்த்தாள். "இத்த சொல்லவா வந்தே? சொல்லிட்டே, நீ போய்த் தூங்குவே. நான் இன்னா பண்ணுவேன்?"

கொழுந்தன் பாய்ந்து டாக்டர் சட்டையைப் பிடித்தான். "விட்ரா அந்தாள" என்றாள். மன்னித்ததாக ஒன்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம், கதவைச் சாத்திக்கொண்டு, இறந்தவர்களின் கேஸ் ஷீட்டை டாக்டர்கள் வாசிக்கும் கூட்டம் ஒன்று எங்கள் ஆஸ்பத்திரியில் உண்டு; ஷீட்டுகளை எடுத்துக் கொடுக்க நானும் இருப்பேன். அதுவரை எல்லாரும் 'நோயாளி தாமதமாக வந்தார்' என்றே முடிப்பார்கள். அந்த மாதம் பெரிய டாக்டர் ஏழுமலை ஷீட்டை வாசித்து, "நேரத்தோடதான் வந்தார், நான்தான் கோட்டை விட்டேன்" என்றார். அடுத்த மாதம் இன்னொருவர் தன் தப்பைச் சொன்னார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

அஞ்சலியில் இதையும் ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். இதழை நடத்தும் டாக்டர் போன் செய்தார்.

"சிஸ்டர், அஞ்சலி கேட்டா எஃப்ஐஆர் குடுத்திருக்கீங்க."

"அப்ப என் பேரைப் போடாதீங்க."

பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பத்தியை வெட்டிவிட்டு, 'நோயாளிகள் இவரைத் தெய்வமாகக் கொண்டாடினர்' என்று சேர்த்திருக்கிறார்கள். தெய்வமாம்! குப்பத்துக்குப் போய் அந்தம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

இதழைத் தூக்கிக்கொண்டு இன்று ஆஸ்பத்திரிக்கே போனேன். சண்டை போடத்தான். நாங்கள் கூடிய அறையில் சோபா போட்டிருக்கிறார்கள், முழு உடல் பரிசோதனைக்கு வருகிறவர்கள் காபி குடிக்கிறார்கள். அந்தப் பக்கம் வந்த இளம் டாக்டரிடம், சனிக்கிழமைக் கூட்டம் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"என்ன கூட்டம் மேடம்?"

சொன்னேன்.

"இறந்தவங்க ஃபைலா? அதெல்லாம் வக்கீல் ஆபீசுக்குப் போயிடும் மேடம். நாங்க பிரிக்கவே கூடாது."