ஒரு சாண் கீழே

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலின் பக்கவாட்டில் குனிந்து நிற்கிறாள் முத்துமீனா. திறந்திருக்கிற கண், படுத்திருப்பவரின் நெஞ்சிலிருந்து பக்கத்துக் கம்பியில் மாட்டியிருக்கும் தீப்பெட்டி அளவு டப்பாவுக்கு ஒரு கோடு இழுக்கிறது. கோடு நேராகத்தான் இருக்கிறது. நிமிர்கிறாள். நாலடி நடந்தவள் என்ன தோன்றியதோ, திரும்பி வந்து மறுபடி குனிகிறாள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் நர்ஸ். “மீனாக்கா கும்பிடு போட ஆரம்பிச்சுட்டாங்கடி” என்று கூட வேலை பார்க்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

டப்பா சமாச்சாரம் இதுதான். நோயாளியின் மணிக்கட்டு ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையை டப்பாவில் சேர்த்திருப்பார்கள். இதயம் துடிக்கத் துடிக்க ரத்தம் எத்தனை அழுத்தத்தோடு ஓடுகிறது என்று டப்பா அளந்து திரைக்குச் சொல்லும். ஆனால் டப்பா இதயத்துக்கு நேர்மட்டத்தில் இருக்க வேண்டும். அது இறங்கினால் எண் பொய்யாக ஏறும், ஏறினால் பொய்யாக இறங்கும். கொத்தனார் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற கணக்குத்தான். அவள் புருஷன் முத்துக்குமரன் கட்டட மேஸ்திரி. “நீயும் மட்டம் பாக்குற, நானும் மட்டம் பாக்குறேன். இதுக்குப் போயி இம்புட்டுப் பயமா?” என்று கேலி செய்வான். “ஒனக்குச் சொவரு கோணுனா இடிச்சுட்டுக் கட்டுவ. எனக்கு?” என்பாள்.

பயந்தாங்கொள்ளி என்றால் அப்படியொரு பயந்தாங்கொள்ளி. ஊரான டி. கல்லுப்பட்டியிலிருந்து வேலைக்குப் பஸ் ஏறினால் டிரைவருக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள்; கண்ணாடியில் அவர் கண் சொருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு தின்றுவிட்டு முத்துக்குமரன் மத்தியானம் கண்ணயர்ந்தால், அவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பாள். “அடியே, உசுரோடதான் இருக்கேன். தூங்கவிடு” என்று கையை உதறிவிட்டுப் புரண்டு படுப்பான் மனுஷன்.

அவள் பயத்திலும் ஒரு கோணல் உண்டு. மற்றவர்களுக்கு மோசமான எண் பயம். அவளுக்கு நல்ல எண்தான் பயம். “மோசமான நம்பர் வந்தா அலாரம் அடிக்கும், நாலு பேரு ஓடியாருவோம். நல்ல நம்பர எவ திரும்பிப் பாப்பா? அதான் எனக்குப் பயம்.” இப்படிப்பட்டவள் கையாலேயேதான் அது நடந்தது.

அழகர்கோவில் பக்கத்து விவசாயி சின்னச்சாமி, மாரடைப்பு வந்து பாதி மயக்கத்தில் கிடந்தார். அழுத்தம் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிற மருந்து பம்பு வழியாகச் சொட்டு சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. பார்வையாளர் நேரத்தில் அவர் சம்சாரம் சோணையம்மாள் பதினெட்டாம்படிக் கருப்பு கோவில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். ஆள் குருவி மாதிரி இருப்பாள், கட்டிலோ உயரம். எட்டவில்லை. “தாயி, கொஞ்சம் எறக்கிவிடேன்” என்றாள். முத்துமீனா பொத்தானை அழுத்திக் கட்டிலை இறக்கினாள், மறக்காமல் டப்பாவையும் இறக்கினாள். கிழவி பூசி முடித்த நேரம் பக்கத்துக் கட்டிலில் அலாரம் அலறியது. கட்டிலை உயர்த்தும் பொத்தானை அழுத்திவிட்டு அங்கே ஓடினாள். கட்டில் ஏறியது. டப்பா கீழேயே நின்றது.

அவள் திரும்பி வருவதற்குள் டாக்டர் ஹாலாஸ்யம் சுற்றுக்கு வந்துவிட்டார். திரையில் சராசரி அழுத்த எண் அம்சமாக இருந்தது; அறுபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் போதும், எழுபத்திரண்டு காட்டியது. “பேஷ், நன்னா ஏறியிருக்கே. மருந்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்” என்றார். திரும்பி வந்த முத்துமீனாவே, மட்டம் பார்க்காமல் குறைத்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற சோணையம்மாள் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எழுதப்படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் எந்த எண் ஏறினால் நல்லது என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தாள்.

போர்வையைச் சரிசெய்யப் போனபோது சின்னச்சாமியின் பாதம் கையில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்தது. மூத்திரப் பையில் புதிதாக ஒரு சொட்டு இல்லை. திரையோ எல்லாம் சுகம் என்றது. முத்துமீனா குனிந்தாள். இதயத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கிக்கொண்டிருந்தது டப்பா.

டப்பாவை ஏற்றினாள். எழுபத்திரண்டில் இருந்த எண் அந்த நிமிஷமே ஐம்பத்தைந்துக்குச் சரிந்தது. அலாரம் கத்தியது. கதவைத் தள்ளிக்கொண்டு சோணையம்மாள் உள்ளே வந்துவிட்டாள்.

“அடிப் பாவி, என்னத்தடி திருகுன? நல்லாத்தானடி இருந்துச்சு!”

“யம்மா, அது பொய்யி. இப்பக் காட்டுறதுதான் நெசம்.”

“பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும் தாயி. பழையபடி வச்சிரு. ஒங்கால்ல விழுகுறேன், பழையபடி வச்சிரு!”

முத்துமீனா பம்பில் மருந்தைக் கூட்டினாள். டாக்டர் ஓடி வந்ததும், “டப்பாவ நான்தான் சார் ஏத்தாம விட்டேன். தப்பு என்னோடது” என்றாள். “அதை அப்புறம் பேசிக்கலாம். பாக்காம கொறைக்கச் சொன்னது நான். இப்போ பம்பைக் கவனி” என்றார் ஹாலாஸ்யம். அவர் முகத்திலும் ரத்தமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? எண் ஏறும், நிற்கும், ஒரு படி இறங்கும். இந்த ஆள் போய்விட்டால் கொன்றவள் நான்தான் என்பதே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாதத்தைப் பிடித்தபடியே நின்றாள். கருப்பையும் மீனாட்சியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்துப் பையில் மூத்திரம் சொட்டியது. பிறகு பாதத்தில் லேசாகச் சூடு வந்தது. “பொழைச்சார்” என்று டாக்டர் சொன்னபோதும் அவள் கையை எடுக்கவில்லை.

சாயங்காலப் பார்வை நேரத்தில் சோணையம்மாள் மறுபடி வந்தாள். கோபமெல்லாம் வடிந்திருந்தது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. கையில் திருநீற்று மடிப்பு. எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை.

“தாயி, கட்டில எறக்கிவிடுறியா?”

முத்துமீனாவின் கை பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. கண் டப்பாவுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். கிழவிக்குப் பின்னால் போய், இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல அவளை அப்படியே மேலே தூக்கிப் பிடித்தாள்.

“பூசுங்கம்மா.”