எதிர்வீட்டுக்குப் போன பெட்டி

சித்தப்பாவுக்குத் தந்தி வந்த அன்று எங்கள் வீட்டில் முதலில் போர்க்கோலம் பூண்டது அவரல்ல, அத்தைதான். எல்லையில் சண்டை மூண்டுவிட்டது, விடுப்பில் போன சிப்பாய்கள் எல்லாரும் உடனே திரும்ப வேண்டும் என்பது தந்தியின் சாரம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத சித்தப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில கெளம்பணும்" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சித்தப்பா போக வேண்டியதோ வடக்கே. அப்பாவின் அக்காவான அத்தை அலறினாள். "செவ்வாக்கெழம வடக்கே சூலம்பா! சூலத்துக்கு எதுர்ல சண்டைக்குப் போறதா? இன்னா நெனச்சிக்கினு இருக்கற நீ?"

அரசாங்கமும் அசையாது, சூலமும் அசையாது. இதற்கென்றே பரஸ்தானம் என்று ஒரு வழி உண்டு. பயணம் போகிறவரின் மூட்டையை முதல்நாளே நல்ல நேரம் பார்த்து வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், அவர் அன்றைக்கே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. வெறும் பெட்டியை வைத்தால் செல்லாது என்று அத்தை சொல்லிவிட்டதால், சீருடை, அடையாள அட்டை, ரயில் பாஸ் எல்லாம் கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் போயின. திங்கள் சாயங்காலம் சித்தப்பாவின் பெட்டி மட்டும் எதிர்வீடுவரை யுத்தத்துக்குப் புறப்பட்டது.

காலையில் எடுக்கப் போனால் எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. அந்த வீட்டு அக்கா விடியும் முன்பே ஐயம்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் பறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். "செவ்வாக்கெழம அதுவுமா பூட்ட ஒடைக்கறதா?" என்று அத்தை குறுக்கே நின்றாள்.

"அக்கா, இந்த பஸ்ஸ வுட்டா ரயிலும் போயிடும். லேட்டாப் போனா என்னைப் புடிச்சி உள்ள வெச்சிடுவாங்க" என்று சித்தப்பா கெஞ்சினார். சண்டைக்குப் பயப்படாத மனிதருக்கு அன்றைக்கு வியர்த்துக் கொட்டியது.

சித்தி மட்டும் அடுப்படியில் அமைதியாகப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள். சித்திக்குத்தான் எவ்வளவு தைரியம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாழையிலை எடுக்க அவள் குனிந்தபோது இடுப்புச் செருகலில் அரக்கு நிறப் பட்டுநூல் ஒன்று எட்டிப்பார்த்தது. எதிர்வீட்டுச் சாவியில் கட்டியிருக்கும் நூல் அது. அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது?

"சாவி இங்க இருக்குது! சித்தி இடுப்புல இருக்குது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். அத்தை வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"அட, நான்தானேக்கா குடுத்து வெச்சிருக்கச் சொன்னேன். சுத்தமா மறந்துட்டேன் பாரு."

சித்தி தலை நிமிராமல் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் சாவியோடு அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, இவர் என்ன இப்படி நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பஸ் கிடைத்துவிட்டது. அத்தை எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். தெருவே என்னைக் கொண்டாடியது. சித்தி மட்டும் என்னோடு பேசவில்லை. சண்டை ஓய்ந்து சித்தப்பா முழுசாக வந்து இறங்கிய அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டாள்.

அதுவரைக்கும் எனக்கு ஒரே கவலை. ஒரு சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடுகிற மனிதரிடம், எந்த நம்பிக்கையில் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள்?