சேமியா டப்பாவில் வைத்த மாத்திரை

"…அப்ப எந்திரிச்சு நின்னு சொல்லிடுக்கா. வாயால சொன்னாத்தான் சொகம் தங்கும்" என்று எஸ்தர் என் காதருகே கிசுகிசுத்தாள்.

முன்னால் பாஸ்டர் ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டு, சாட்சி சொல்கிறவர்களை அழைத்துக்கொண்டிருந்தார். குரும்பலூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்ன சபை எங்களுடையது. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்பும் எழுந்து சொல்வதுதான் சாட்சி. என் முடக்குவாதம் போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம் பாயில் மடங்கிக் கிடந்த என் முழங்கால்களோ, பாயோடு சேர்த்துத் தைத்தது போல் இருந்தன. எழுந்திருக்கவே எனக்கு இன்னொருவர் கை வேண்டும்.

எப்படி அங்கே போய் மாட்டினேன் என்பதை, இதே வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விரல்தான். சின்ன வெங்காயத்தில் தாளையும் வேரையும் நறுக்கிச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. ஒரு நாள் காலையில் கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் இளகியது. "பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். நான் வேறு காரணம் வைத்திருந்தேன்.

நான் பிறந்த ஊர் திருமழபாடி. இருபது வயதில் கொள்ளிடத்தில் மார்பளவுத் தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தேன். ஈரச் சேலையோடு மணலில் நின்று அன்றைக்கு அழுத அழுகை மாதிரி பிறகு ஒரு சந்தோஷம் வந்ததில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அந்தக் கண்ணீர் நின்றுபோனது. பஸ்ஸில் ஊர்ப்பெயர்களைக் கூவுகிற கண்டக்டர் போல, பிள்ளைகள், மழை, மாமியாரின் கண், ஊழியம் என்று வரிசையாகச் சொல்லி 'ஆமென்' போடுவேன். பாடுவேன், கை தட்டுவேன், மனம் மட்டும் செருப்போடு வாசலிலேயே நிற்கும். அதற்குத்தான் இந்த அடி என்று நினைத்தேன். உபவாசம் இருந்தேன். முழங்கால் ஜெபத்தைக் கூட்டினேன். வற்றியது ஊறும் என்று பார்த்தால், முழங்கால்தான் வீங்கியது.

என் வீட்டுக்காரர் பெரம்பலூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, முடக்குவாதம் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கிற நோய்) என்றார்.

"சரியாயிடுங்களா டாக்டர்?"

"அடக்கி வெக்கலாம்மா. ஆனா நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அப்பத்தான் மாத்திரைய விட்டுருவீங்க. அப்ப விடவே கூடாது."

வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை (அந்த எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைப்பது) கொடுத்தார். மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார்.

எஸ்தர் எனக்கு அடுத்த தெரு. தங்கை மாதிரி. தினமும் சாயங்காலம் வந்து என் மூட்டின் மேல் கை வைத்து ஜெபிப்பாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி குணமானதாக இதே சபையில் சாட்சி சொல்லி நாலைந்து வருடம் இருக்கும். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து மாத்திரை பிடித்துக்கொண்டதும், தண்ணீர்க் குடத்தை நானே இடுப்பில் தூக்கி வைத்தேன். எஸ்தர் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறக்கும் முன்பே, "நம்ம சகோதரிக்குப் பூரண சொகம்!" என்று பாஸ்டர் ஐயா அறிவித்தார். சபை கை தட்டியது. எனக்கும் சந்தோஷம்தான். சுகமானவள் மாத்திரை போட்டால் அது அவிசுவாசம் அல்லவா? நிறுத்தினேன். கொஞ்ச நாளில் தலை பின்ன முடியாமல் போனது.

டாக்டரம்மா திட்டித் திரும்ப ஆரம்பித்துவைத்த மாத்திரையைச் சேமியா டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். "எங்கண்ணன் பிராந்தி பாட்டில ஒளிச்சது நெனப்பு வருதுடி" என்று சிரித்தார் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டில் சபைக்காரர்களைக் கண்டால் ஆஸ்பத்திரிக் கவரைக் காய்கறிக்கு அடியில் அமுக்குவேன். அதைவிடக் கொடுமை, "ஒங்களுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாராக்கா?" என்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வது. வீங்கிய கையையே பிடிப்பார்கள். வலிக்கிறது என்று சொல்ல முடியாது. உடம்புக்குள் பாதி, அந்தக் கைதட்டலுக்குள் பாதி என்று பூட்டப்பட்டுக் கிடந்தேன்.

அந்த நாட்களில் விடிந்ததும் என்னால் எழ முடியாது. கை கூப்ப வராது, முழங்கால் போட முடியாது. விரல்கள் ஒவ்வொன்றாக அவிழும் வரை படுத்தே கிடப்பேன். ஒரு நாள், கேட்பதற்கு எதுவும் தோன்றாமல், "இருக்கேன் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். கண்டக்டர் குரலில் வரவில்லை அது. கண்ணீரும் வரவில்லை. ஆனால் வாசலில் நின்றது உள்ளே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. இப்போது என் காலை கடிகாரத்தில் தொடங்குவதில்லை, சுண்டுவிரல் அசைவதில் தொடங்குகிறது. இந்த உடம்பு எனக்குக் கீழ்ப்படிகிற ஆள் இல்லை, கூடவே குடியிருக்கிற ஆள். அது எழும்போது நானும் எழுகிறேன்.

"சொல்லுக்கா" என்று எஸ்தர் கை கொடுத்தாள். பிடித்து எழுந்தேன். மைக் வந்தது.

"எனக்கு இன்னும் வலிக்குதுங்க. சொகமாயிட்டேன்னு நெனச்சு மாத்திரைய நிறுத்துனேன், முடங்கிப் போயிட்டேன். இப்ப திரும்பப் போடுறேன். ஆண்டவர் என்ன விட்டுப் போயிடல. இதுதாங்க என் சாட்சி."

ஒருவரும் கை தட்டவில்லை. "ஸ்தோத்திரம்…" என்று இழுத்தபடி பாஸ்டர் ஐயா மைக்கை வாங்கிக்கொண்டு ஒரு பாட்டைத் தொடங்கினார். முன்பாயில் ஒருத்தி திரும்பி என்னை முறைத்தாள்.

பாயைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தேன். எஸ்தரைப் பார்க்கத் துணிவில்லை. தை மாதத்திலிருந்தே அவள் நொண்டி நடந்தாள். கேட்டால், "முள்ளு குத்திடுச்சுக்கா" என்பாள். சபையில் எப்போதும் பாதத்தைச் சேலைக்குள் இழுத்து மூடித்தான் உட்காருவாள். எழுந்து வேறு பாய்க்குப் போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் போகவில்லை. பாட்டு முடியும் வரை முன்னால் பார்த்தபடி இருந்தாள். பிறகு சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கி, இடது காலை என் பக்கம் நீட்டி, பெருவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.