வெறும் துவக்கு

போன சனிக்கிழமை இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஓர் இறைச்சிக் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள் — 'மான் இறைச்சி உண்டு'.

எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரரிடம் கேட்டார்: "தம்பி, உது காட்டு மானோ, பண்ணை மானோ?"

"பண்ணைதான் அண்ணை. காட்டு மான் இஞ்சை விக்க ஏலாது."

"அப்ப ஆட்டையே வெட்டும்."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். ஆனால் காருக்குள் வந்து ஏறியபின் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். மான் என்றதும் எனக்கு இறைச்சி ஞாபகம் வருவதில்லை... ஒரு வேட்டைத் துப்பாக்கி, ஒரு துவக்குத்தான் ஞாபகம் வரும்.

துவக்கா? கோழி உரிப்பதையே பார்க்கமாட்டாதவள் என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! பொறுங்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. ராணி அக்காவும் நானும் ஸ்காபரோவிலிருந்து ஒரே வான் வண்டியில் போய்வருவோம். ராணி அக்கா மன்னார்ப் பக்கம். வாய்க்காரி. தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே சூப்பர்வைசரோடு சண்டை பிடித்து வெல்லக்கூடியவர்.

மத்தியானம் எங்கள் மீன்குழம்பு மைக்ரோவேவில் கொதிக்கத் தொடங்கினால், பக்கத்து மேசைகளில் இருப்பவர்கள் மெல்ல எழும்பிப் போய்விடுவார்கள். எழும்பாமல் இருப்பவள் டோரிஸ் மட்டும்தான். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், பெரிய கைகள், இன்னும் பெரிய சிரிப்பு. வெள்ளைக்காரி. ஒவ்வொரு நவம்பரிலும் லீவு போட்டுவிட்டு மான் வேட்டைக்குப் போவாள்.

"எங்கட பக்கம் மான் இறைச்சியை வத்தல் போட்டு வைப்பினம். மிளகு போட்டுக் காய்ச்சினா... சொல்லி வேலையில்லை!" என்று ராணி அக்கா ஒரு நாள் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்.

டோரிஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூட வேட்டைக்கு வரும் தங்கச்சி அந்த வருடம் மேற்கே வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாளாம். காட்டுக்குள் தனியாகப் போவது நல்லதில்லையாம். "நீங்கள் இரண்டு பேரும் வாருங்களேன். துவக்கு என்னிடம் மட்டும்தான் இருக்கும். நீங்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும்" என்றாள்.

ஏன் சம்மதித்தோம்? அந்த நாட்களில் எங்களுக்கு வேலை, நித்திரை, ஊரிலிருந்து வரும் தொலைபேசி — இவ்வளவுதான். 'எங்களோடு வாருங்கள்' என்று இந்த நாட்டில் யாரும் எங்களை எங்கேயும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாள், போனோம்.

ஒரு சனிக்கிழமை. மூன்று பேருக்கும் செம்மஞ்சள் நிறத்தில் அங்கி. என் பையில் பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியும் சம்பல் பூசிய பாண் துண்டுகளும். இலையெல்லாம் கொட்டிப்போன காடு. டோரிஸ் முன்னால், நாங்கள் பின்னால். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தாள். பேசக்கூடாது என்றால் சிரிப்பு வரும் அல்லவா? ராணி அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். கனடாவுக்கு வந்தபிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பின்னேரமாகும்போது மான் வந்தது. உண்மையாகவே வந்தது. ஓடை ஒன்றுக்கு அந்தப் பக்கம், காதை விறைத்துக்கொண்டு நின்றது.

டோரிஸின் துவக்கு, படங்களில் குதிரைக்காரர்கள் வைத்திருப்பது போன்றது. விசையைச் சுற்றிக் கீழே ஓர் இரும்பு வளையம் — அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் ஒரு ரவை, அதாவது தோட்டா, உள்ளே ஏறிவிடும். டோரிஸ் தள்ளி இழுத்தாள். கிளிக்... கிளாக். மான் எங்களைப் பார்த்தது. அடுத்த கணம் காணவில்லை.

மறுபடியும் அது கண்ணில் படுமென்று டோரிஸ் நாலு எட்டு வேகமாக வைத்தாள். ஈர இலைகளுக்குக் கீழே கல். சறுக்கி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. துவக்கு அவள் கையிலிருந்து பறந்து, இலைகளின் மேல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

அதன் வாய் நேராக ராணி அக்காவைப் பார்த்தபடி.

"அக்கா, இஞ்சால வாங்கோ!"

அவர் அசையவில்லை. நான் சுற்றிக்கொண்டு போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

டோரிஸ் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு பார்க்க முடியாதபடி வளைந்திருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. "துவக்கை விட்டுவிட்டுப் போவோம். பிறகு யாரையாவது கூட்டி வருவோம்" என்றேன்.

"முடியாது. ரவை ஏறிய துவக்கைக் காட்டில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. யாராவது வருவார்கள். ஒரு கையால் என்னால் செய்ய முடியாது. உங்களில் ஒருவர்தான் செய்ய வேண்டும்."

நான் ராணி அக்காவைப் பார்த்தேன். எங்கள் இருவரில் துணிச்சல்காரி அவர்தானே?

"நான் தொடமாட்டன் பிள்ளை" என்றார். "உள்ள ஒண்டுமில்லை, வெறும் துவக்கெண்டு சொல்லித்தான் என்ர தம்பியைச் சுட்டுக் கொன்றது."

மிச்சம் இருந்தது நான்.

நீங்கள் எப்போதாவது உங்கள் கைகளை வேறு யாருடையதோ போல உணர்ந்திருக்கிறீர்களா? டோரிஸ் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்பக்கமாக வா. விசைக்குப் பக்கத்தில் குச்சி, இலை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார். இப்போது தூக்கு. வாய் அந்த மண்மேட்டைப் பார்க்கட்டும்... வேறெங்கும் திரும்பக்கூடாது. சுட்டுவிரல் வெளியே. மற்ற விரல்கள் வளையத்துக்குள். துவக்கின் பின்னால் சாய்ந்து நிற்கிற சின்னச் சுத்தியலை இறக்கப் பார்க்காதே, அதைத் தொடவே வேண்டாம்.

"இப்போது லீவரைக் கீழே தள்ளு."

பயந்து பயந்து தள்ளினேன். பாதியில் நின்றுவிட்டது.

"அரைகுறையாகச் செய்யாதே! சிக்கிக்கொள்ளும். முழுக்கத் தள்ளு!"

முழுக்கத் தள்ளினேன். பித்தளை நிறத்தில் ஒரு ரவை துள்ளி வந்து இலைகளில் விழுந்தது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். லீவரை மேலே இழுத்தால் அடுத்த ரவை உள்ளே ஏறிவிடும். அதை எடுக்க மறுபடியும் தள்ள வேண்டும். ஒன்றை வெளியே எடுத்த கையோடு இன்னொன்றை உள்ளே ஏற்ற வேண்டும் — என்ன விசித்திரமான சாமான் இது! ஒவ்வொரு தடவையும் துவக்கு மறுபடி உயிர்பெற்றது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் ராணி அக்கா மாதாவைக் கூப்பிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

கடைசியில் ஒன்றும் விழவில்லை.

"முடிந்துவிட்டது" என்றேன்.

"இன்னும் சில தடவை செய்."

செய்தேன். ஒன்றுமில்லை.

"இப்போது திறந்து வைத்துக் கண்ணால் பார். பிறகு சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார். கண் ஏமாற்றும்."

விரலை விட்டேன். வெறும் இரும்பு. அவ்வளவு குளிரான, அவ்வளவு நிம்மதியான ஒன்றை நான் அதற்கு முன்பு தொட்டதில்லை. லீவரை மூடாமல், திறந்தபடியே தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள் — பார்ப்பவர் யாருக்கும் தெரியும்படி.

டோரிஸின் கையை என் சால்வையால் கட்டித் தூக்கிவிட்டோம். நாங்கள் வந்த அவளுடைய ட்ரக்கோ கியர் மாற்றி ஓட்டும் வகை. எனக்குத் தெரியாது. ராணி அக்கா சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். ஊரில் புருஷனின் லொறியை ஓட்டிப் பழகினாராம். துவக்கை இருக்கைக்குப் பின்னால் வைத்து, டோரிஸை நடுவில் இருத்தி, நான் கதவோரம்.

பாதி வழியில் ராணி அக்கா தானாகவே பேசத் தொடங்கினார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தம்பியும் கூட்டாளிமாரும் கலியாண வீட்டுக்கு மான் அடிக்கவெண்டு போனவங்கள். திரும்பி வந்து துவக்கைச் சுவரில சாத்தி வச்சவங்கள். கூட்டாளிப் பெடியன் எடுத்து நீட்டினவன்... பகிடிக்கு. வெறும் துவக்கெண்டுதான் சொன்னவன்."

ஊரில் தம்பி செத்துப்போனான் என்று முன்பு சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் போரில் என்றே நினைத்திருந்தோம். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பிறகேன் அக்கா இண்டைக்கு வந்தனீங்கள்?"

"மான் அடிக்கப் போற சனம் எப்பிடிப் பத்திரமா வீட்டை திரும்பி வருகுதெண்டு ஒருக்காப் பாக்கோணும் போல இருந்தது, பிள்ளை."

அன்றிலிருந்து யாராவது 'உள்ளே ஒன்றுமில்லை' என்று சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. துவக்கானாலும் சரி, மனிதரானாலும் சரி.

என்ன சொல்கிறாள் என்று டோரிஸ் கேட்டாள். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். ட்ரக் குலுங்கும்போதெல்லாம் வலியில் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ராணி அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அவனுடைய பெயர் என்ன?"

"அருள்."

"அரூல்."

"இல்லை, இல்லை... அருள்."

"ஆரல்."

ராணி அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "நாக்கை மேல மடிக்கச் சொல்லு பிள்ளை!" என்றார். நான் சொன்னேன். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய பெண் நாக்கை மடித்து மடித்துப் பழகினாள்.

சும்மா சொல்லக்கூடாது — ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் டோரிஸ் அந்தப் பெயரைச் சரியாகவே சொல்லிவிட்டாள்.