பிறைக்கத்தி வெட்டிய முதல் வெங்காயம்

எங்கள் வீட்டில் கத்தி சேர்ப்பவள் நான். கத்தி பிடித்து உழைத்தவர் என் கணவர். தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்காகத் தோட்டத்துக்காரர்கள் ஒரு டீ ஷாப் நடத்துகிறார்கள். அதன் சமையலறைக்கு அவர்தான் பெரிய ஆளாக இருந்தார். நான் பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு சீனருடைய பூத்தோட்டத்தில் செவ்வந்தி வெட்டப் போகிறேன். குடியிருப்பது தோட்டம் கொடுத்த வீட்டில். கதவைத் திறந்தால் எதிர்மேட்டில் தேயிலை. மழைக்காலத்தில் அதுவும் தெரியாது, பனிதான்.

கத்தி சேர்க்கும் ஆசை பூத்தோட்டத்தில்தான் பிடித்தது. ஒட்டுக்கட்டும் சின்னக் கத்தி ஒன்று முதலாளி தவுக்கையிடம் இருந்தது. மடக்கினால் விரல் நீளம்தான். பிடியில் மஞ்சள் பாரித்த எலும்பு பதித்திருக்கும். நான் அதை வாங்கி வாங்கிப் பார்ப்பதைக் கண்டு ஒருநாள் எனக்கே கொடுத்துவிட்டார். சும்மா கொடுத்தால் உறவை அறுத்துவிடுமாம். அதனால் என் கையிலிருந்து ஒரு சில்லறைக் காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கத்தியால் நான் ஒரு தண்டுகூட வெட்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தேன். அப்புறம் அதற்குத் துணையாக இன்னொன்று, அதற்குத் துணையாக வேறொன்று. ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் நின்றுவிடுவேன். மற்ற பெண்கள் பீங்கான் தட்டு பார்ப்பார்கள், நான் துருப்பிடித்த பெட்டிகளைக் கிளறுவேன்.

என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. வேலைக்கு இரண்டே கத்தி வைத்திருந்தவர் அவர். தீட்டித் தீட்டி ஒன்று பாதியாகத் தேய்ந்தே போயிருந்தது.

"வெட்டாத கத்திய வச்சிக்கிட்டு என்னா பண்றது? பூப்போட்டுக் கும்புடப் போறியா?" என்பார்.

"நீங்க வெட்டறீங்கல்ல, அது போதும். இதுங்க ஓய்வெடுக்கட்டும்," என்பேன்.

அலமாரியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பிறைக்கத்தி. அரைவட்டத் தகடு. வெட்டும் விளிம்பு கீழே வளைந்து நிற்கும். பிடி மேலே நடுவில், குறுக்கே, கருமரத்தில் உருட்டிச் செய்தது. தகட்டில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அட்டைப்பெட்டி, எண்ணெய்க் காகிதம் எல்லாம் அப்படியே இருந்தன. ஒருமுறைகூடத் தீட்டாத கத்தி. கத்தி சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டதும் பினாங்கிலிருந்து ஒரு வாத்தியார் உடனே போன் செய்தார். நேரில் பார்த்ததில்லை, ஆனால் குழுவில் விவரம் தெரிந்த மனிதர்.

"அக்கா, அத எதுலயும் வச்சி வெட்டிப் பாத்துடாதீங்க. ஒரு கோடு விழுந்தாலும் போச்சு. இந்த மாதிரி தீட்டாத புதுசு இனிமே கெடைக்காது லா. விக்கிற எண்ணம் வந்தா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

விற்கும் எண்ணம் வரவில்லை. மாதம் ஒருமுறை அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, துடைத்து வைப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை டீ ஷாப்பில் ஸ்கோன் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவரின் வலது கை மாவிலிருந்து வெளியே வரவில்லை. பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண், "அண்ணே, என்னா ஒரு மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். பதில் குழறியது. அவள் கூச்சல் போடாமல், அவரை உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய் கடைக்குப் பால் இறக்க வந்த லோரிக்காரரைக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் லோரியிலேயே ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போ. பக்கவாதம், சீக்கிரம் வந்ததால்தான் இந்த மட்டுக்கும் தப்பினார் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண்ணையும் லோரிக்காரரையும் நினைக்காமல் நான் இன்றைக்கும் ஜெபத்தை முடிப்பதில்லை.

பேச்சு திரும்பியது. காலும் பரவாயில்லை, தடி ஊன்றி நடந்தார். வலது கைதான் ஏமாற்றியது. தோளிலிருந்து தூக்குவார், கீழே அழுத்துவார். ஆனால் விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. தேக்கரண்டிகூட நழுவியது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடுவார். முன்பெல்லாம் என் சமையலில் உப்பு, புளி, தாளிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு குறை சொல்வார். இப்போது எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டார். வேண்டுமென்றே ஒருநாள் ரசத்தில் உப்பைக் கூட்டிப் போட்டேன். அதையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றார். பாத்திரம் கழுவும் சாக்கில் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

வாரத்துக்கு ஒருமுறை பிசியோ பயிற்சிக்குத் தானா ராத்தாவுக்குப் போவோம். அங்கே ஒரு மலாய்ப் பெண். நன்றாகத் தமிழ் புரியும், இரண்டு வார்த்தை பேசவும் பேசுவாள். ரப்பர் பந்தை அவர் கையில் வைத்துக்கொண்டே, "அங்கள் முன்ன என்ன வேலை?" என்று கேட்டாள்.

"சமையல்."

"அப்ப பந்து வேணாம். வீட்ல சமைங்க. அதுதான் நல்ல பயிற்சி."

"கத்தி புடிக்க முடியாதும்மா."

அவள் தன் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினாள். "புடிக்க வேணாம். அழுத்தினா போதும். வளைஞ்ச கத்தி இருக்கு, பிடி மேல இருக்கும். ஒரு கையால வெட்டலாம். போலே, அங்கள். முடியும்," என்று மலாயிலும் தமிழிலுமாகச் சொன்னாள்.

எனக்கு அந்த நிமிஷமே அலமாரி ஞாபகம் வந்தது. வந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் தன் போனில் காட்டிய, பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தியைத்தான் முதலில் வாங்கினேன். என் கத்தியைத் தொடாமல் காரியம் முடிந்தால் நல்லதுதானே என்று மனசு கணக்குப் போட்டது, உண்மை. பார்சல் வந்தது. தகடு மெல்லிசு, பிடி குச்சி மாதிரி. தக்காளித் தோலில் வைத்து அவர் அழுத்தியதும் கத்தி வழுக்கி, பழம் உருண்டு தரையில் விழுந்தது. இன்னொரு முறை முயன்றார். அப்புறம் கத்தியை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "போதும்மா," என்று எழுந்துகொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம் பிறைக்கத்தியை எடுத்தேன். பெட்டியோடு அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

பார்த்ததும் புரிந்துகொண்டார். "வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அது உன் சாமானு. எடுத்து உள்ள வை."

"நீங்கதானே சொல்வீங்க, வெட்டாத கத்தி எதுக்குன்னு?"

"அது கிண்டலுக்குச் சொன்னது. நீ அத எப்படித் தொடைப்பேன்னு நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். என்னால அது கெடக் கூடாது."

இத்தனை வருஷமும் பேப்பருக்கு மேலாகப் பார்த்த பார்வையில் கேலி மட்டும்தான் இருந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

"தொடைக்கிறதுக்கு இன்னும் எத்தனையோ கெடக்கு," என்றேன். "என் சமையல நல்லா இருக்குன்னு சொல்ல ஒரு ஆளு எனக்கு வேணாம். கொறை சொல்றதுக்கு ஆள் வேணும்."

அதற்குச் சிரித்துவிட்டார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் சிரிப்பு. கடைசியில், "தீட்டாம வெட்ட முடியாது. அப்புறம் அழக் கூடாது," என்றார்.

கத்தியின் எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வளைந்த விளிம்பைக் கல்லில் தேய்க்க எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் ஒரு கைதான். ஆகவே நனைத்த துண்டை மடித்து மேசையில் போட்டு, அதன்மேல் கத்தியை விளிம்பு வெளியே நீட்டியிருக்கும்படி நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கையால் சின்னக் கல்லை எடுத்தார். முதல் தேய்ப்பின் சத்தம் என் பல்லுக்குள் போனது. கண்ணாடி போலிருந்த தகட்டில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று விழுந்தது. இனி அது புதுக்கத்தி இல்லை. அவரோ கல்லிலேயே கண்ணாக இருந்தார்.

"கொஞ்சம் திருப்பு. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே நிறுத்து. ஆட்டாத, ஆட்டாத."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் என்னை அதட்டினார். கோடு விழுந்ததைப் பற்றிய துக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெங்காயம் உருளாமலிருக்க, தோட்டத்துத் தச்சர் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டு அடித்துக் கொடுத்திருந்தார். தக்காளி உருண்ட கதையைக் கேட்டுப் பிசியோ பெண் சொன்ன யோசனை அது. உரித்த வெங்காயத்தை ஆணியில் குத்தி வைத்தேன். அவருடைய வலது உள்ளங்கையைக் கத்தியின் பிடிமேல் படிய வைத்து, விரல்கள் விலகாமல் மெத்தென்ற துணியால் ஒரு சுற்றுச் சுற்றினேன். தோளிலிருந்து பலத்தை இறக்கினார். தகடு இறங்கியது. அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. வெங்காயம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு பாதியை மறுபடி குத்தி வைக்கச் சொல்லி, வெட்டிக்கொண்டே போனார். துண்டுகள் ஒன்று போல ஒன்று இல்லை. முன்பு என்றால் உதவியாளை விரட்டியிருப்பார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயத்தின்மேல் பழியைப் போட வசதியாக இருந்தது.

அன்று அவர் சொல்லச் சொல்ல நான் மிளகாய்ச் சம்பால் வதக்கினேன். வாயில் வைத்ததும், "புளி பத்தல," என்றார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தால் வெங்காயச் சாறு பட்ட இடமெல்லாம் தகட்டில் நீலமும் கறுப்புமாகக் கறை. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. பினாங்கு வாத்தியாரிடம் மறைப்பது சரியில்லை என்று போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"கோவமா தம்பி?"

"இல்லக்கா." அப்புறம் கேட்டார்: "நல்லா வெட்டுச்சா?"

"வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்குச்சு."

"அப்படியா! எப்படி வெட்டும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி இருந்துச்சு. கறையத் தேய்க்காதீங்க, அது இரும்பத் துருவுலேருந்து காப்பாத்தும். கழுவின ஒடனே ஈரம் போகத் தொடச்சிடுங்க, அது போதும்."

பள்ளி விடுமுறையில் மனைவியோடு மலைக்கு வந்தபோது வாத்தியார் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வளைந்த விளிம்பு தீட்ட வசதியான உருளைக்கல் ஒன்றை எனக்கென்று கொண்டுவந்திருந்தார். அவர்களுக்கு என் கணவர் முட்டைக்கோஸ் பொரியலும் கோழிப் பெரட்டலும் செய்து போட்டார். வெட்டியதெல்லாம் அவர், அடுப்பில் கிளறியது மட்டும் நான். வாத்தியார் கத்தியைக் கையில் எடுத்து, கறையையும் கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்காக அலமாரியில் இருந்ததையெல்லாம் நான் அடுக்களைக்குக் கொண்டுவந்துவிடவில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சிலது வேலைக்குத் தயாராக இருந்தன. அவற்றை மாதா கோயில் திருவிழாச் சமையலுக்குக் கொடுத்தேன், பெண்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். சிலதின் பிடி காய்ந்து வெடிக்கிற நிலை, சிலது கண்ணுக்கு மட்டுமே. அவை துணிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பிறைக்கத்தியையும் அப்படித்தானே காரணமில்லாமல் வைத்திருந்தேன்? வேண்டிய நாளில் அது வீட்டில் இருந்தது. வைத்திருந்ததற்கும் நன்றி, எடுத்ததற்கும் நன்றி. எது சரி என்று யாராவது கேட்டால் எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

இப்போது டீ ஷாப்பில் வாரத்தில் சில காலைகள் அவருக்கு வேலை கொடுத்திருக்கிறார் மேனேஜர். மாவு பிசைவதில்லை, ருசி பார்த்துச் சொல்வதும் புதுப் பிள்ளைகளைக் கண்டிப்பதும்தான். புதன்கிழமைகளில் வீட்டில் இருப்பார். அன்றைக்குப் பிசியோ பயிற்சியில் பழக்கமான ஒரு சீன அம்மா வருகிறார். கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்றவர். அவருக்கு விளங்காமல் போனது இடது கை. பிளாஸ்டிக் பிடி கத்தியை அவரும் வாங்கி ஏமாந்திருந்தார். முதலில் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார். இப்போது வீட்டிலிருந்து இஞ்சியும் வெங்காயத் தாளும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை இங்கேயே நறுக்கி எடுத்துப் போகிறார்.

இஞ்சியை மயிரிழை மாதிரி நறுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படி நறுக்கினால் சாறெல்லாம் பலகையோடு போய்விடும் என்பது என் கணவர் கட்சி. பாதி மலாய், பாதி சைகையில் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். போன வாரம் என்னை நடுவில் இழுத்து, யார் நறுக்கியது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தேநீர் வைத்தேன்.