டெல்பர்ட் ஹாகனின் கோதுமையைத் திருட்டுத்தனமாக அறுத்த கதை

டெல்பர்ட் ஹாகன் யார் தயவும் இல்லாமல் பிறந்தவர். மருத்துவச்சி பனிப்புயலில் மாட்டிக்கொண்டு வந்து சேருவதற்குள் தன் தொப்புள்கொடியைத் தானே அறுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, "நீ படும்மா, அடுப்புக்கு விறகு நான் போட்டுக்கறேன்" என்று சொன்னவர். சூரியனே அவர் நிலத்தைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டும். துருவக் கரடிகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் கனடாவில் அவரைப் போல ஒற்றை ஆள் கிடையாது.

இதையெல்லாம் ஊரில் பரப்பிவிட்டது பக்கத்து நிலத்து கர்ட்டின் மகள் ஷெல்பி. வயது பதினாறு. டெல்பர்ட்டின் தபால் பெட்டிக்குள் தவளை விடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. அவர் அந்தத் தவளைக்கு உரிய தபால்தலை ஒட்டவில்லை என்று திருப்பி இவள் வீட்டுப் பெட்டியிலேயே போடுவார்.

அந்த வருஷம் அறுப்புக்குச் சற்று முன்னால் அவர் தானியக் கொட்டகையின் ஏணியிலிருந்து விழுந்தார். வலது தோள் உடைந்தது. எந்த இயந்திரத்தின் மேலும் ஏறக்கூடாது என்று டாக்டர் கையைத் துணியில் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார். கோதுமையோ முற்றி நிற்கிறது. சஸ்காட்செவான் சமவெளியில் பனி வந்து கதிர்மேல் படுத்துவிட்டால் அப்புறம் அது மாட்டுத் தீவனம். அப்படிப் போய்விட்டால் வசந்தத்தில் விதைக்க அவரிடம் வழி இல்லை. நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால், அவர் உதவி கேட்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஒரு நாள் காலையில் சுற்று வட்டாரத்து அறுவடை இயந்திரங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இருட்டுவதற்குள் அறுத்து, கொட்டகையில் கொட்டிவிட்டு, ரொட்டியும் காப்பியும் முடித்துக் கிளம்பிவிடும். இப்படி எங்கே கூடினாலும் முதலில் வந்து நிற்கிற இயந்திரம் டெல்பர்ட்டுடையது. ஷெல்பியின் அம்மா இறந்த வருஷம் இவர்கள் நிலத்துக்கும் அவர்தான் முதலில் வந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கர்ட் கேட்டதற்கு, "மெஷினுக்கு பெல்ட் புதுசா மாத்தினேன். ஓடுதான்னு பார்க்க வந்தேன்" என்றாராம்.

அப்பேர்ப்பட்டவர், ஊர் தன் பக்கம் கிளம்புகிறது என்று காதில் விழுந்ததும் தன் லாரியை நிலத்து வழியில் குறுக்கே நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பெட்ரோல் நிலையமும் கொஞ்சம் கோதுமை நிலமும் வைத்திருக்கிற டோரீன் முட்டைக்கோஸ் உருண்டை ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு பேசப் போனாள். போன வேகத்தில் பாத்திரத்தோடு திரும்பி வந்து ஷெல்பியிடம் பொரிந்தாள்.

"கஷ்டப்படறவங்க யாருக்காவது குடுன்னு சொல்றான்மா! ஒத்தக் கையால ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தெரியாம தட்டோட தள்ளிக்கிட்டுத் திரியறான், இவன் கஷ்டப்படலையாம்!"

"லாரியைத் தள்ளிட்டுப் போயிடலாமே?" என்றாள் ஷெல்பி.

"வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கான். ஊருக்கெல்லாம் குடுப்பான், ஊர்லேர்ந்து ஒண்ணு வாங்கமாட்டான். இதுக்குப் பேரு அடக்கம்னு நினைச்சுக்கிட்டிருக்கான். சுத்தத் திமிரு!"

மறுநாள் அவர் ஒற்றைக் கையால் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். நேராகச் சேற்றுக் குட்டைக்குள் இறக்கினார். இழுத்துவிட வந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இடது கையில் மண்வெட்டியோடு பொழுது சாயும்வரை தோண்டினார். இயந்திரம் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்தது. "ஓய்வெடுக்குது" என்றார், கேட்டவர்களிடம்.

ஷெல்பிக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. வானொலியில் பனி வருகிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்த மனிதரிடம் உதவி என்று எதையும் நீட்ட முடியாது. அவரிடம் உதவி கேட்டால்தான் வருவார். அப்படியானால் கேட்டுவிட வேண்டியதுதான்!

"அப்பா, உனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு."

"எனக்கா? எப்போ?"

"நாளைக்கு. எல்லைப் பக்கம் நம்ம கோதுமை இன்னும் ஒரு துண்டு நிக்குதுல்ல? அதை அறுக்க ஊரே வருது. அவரும் வருவாரு. அதை முடிச்சுட்டு மெஷினெல்லாம் அப்படியே அவரு நிலத்துப் பக்கம் போயிடும். நடுவுல வெறும் புல்லுதானே."

"எனக்குப் பொய் வராதும்மா."

"பேச வேணாம். படுத்து முனகு, போதும்."

விடியும்போதே டெல்பர்ட் வந்துவிட்டார். அதுவும் வழியில் குறுக்கே நிறுத்தியிருந்த அந்த லாரியிலேயே. நேராகப் படுக்கையறைக்குள் போனார். ஷெல்பி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். கர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"முதுகுன்னு சொன்னாங்க?"

"அது... அங்கேர்ந்து இப்படி வந்துடுச்சு."

போர்வைக்கு வெளியே கர்ட்டின் இரண்டு பூட்ஸ்களும் சேற்றோடு நீட்டிக்கொண்டிருந்தன. டெல்பர்ட் அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். போர்வை நுனியை இழுத்து மூடிவிட்டார்.

"நல்லா படு. தானிய லாரியை நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எல்லைத் துண்டு காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. முன்னால் போன டோரீனின் இயந்திரம் நிற்கவே இல்லை. புல்லைத் தாண்டி டெல்பர்ட்டின் கோதுமைக்குள் நுழைந்தது. பின்னாலேயே மற்றவையும் நுழைந்தன. கிழவர் லாரியை நிறுத்தி இறங்கினார். அவ்வளவுதான் என்று நினைத்தாள் ஷெல்பி. சாவிகளைப் பிடுங்குவார், எல்லாரையும் விரட்டுவார், கோதுமை நிற்கும், பனி விழும், நிலம் போகும்.

அவர் கோதுமைக்குள் நடந்து போய் டோரீனின் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். இடது கையை உயர்த்தினார்.

"ஏய் டோரீன்! அங்க கல்லு கிடக்கு, கத்தியைத் தூக்கு! கோடு என்ன இப்படிப் பாம்பு மாதிரி போகுது? கண்ணாடி போடலையா நீ?"

"யாரு நிலம்னு தெரியுதா உனக்கு?" என்று மேலேயிருந்து கத்தினாள் அவள்.

"யாரு நிலமா இருந்தா எனக்கென்ன? அறுத்தா ஒழுங்கா அறு!"

அன்று முழுக்க அவர் வாய் மூடவில்லை. ஒருவன் வேகம் போதாது, ஒருவன் தானியத்தைச் சிந்துகிறான், ரொட்டிக்குள் வைத்த இறைச்சி மெல்லிசு. அவரை ஒரு மூட்டைக்குள் போட்டுக் கட்டிவைக்கலாமா என்று ஊரே யோசித்தது. பொழுது இறங்கும்போது கடைசிக் கதிரும் அவர் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது. குட்டையில் கிடந்த இயந்திரத்தையும் யாரோ இழுத்து அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதை அவர் பார்க்காத மாதிரி நடந்தார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு ஷெல்பி லாரியின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள். முதல் பனி பொடிப்பொடியாக இறங்கத் தொடங்கியிருந்தது.

"என்ன பெரியவரே, நன்றின்னு ஒரு வார்த்தையாவது சொல்லலாம்ல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்கப்பனுக்கு உதவி பண்ண வந்தவன் நான். உங்கப்பன்தான் வந்து சொல்லணும். எல்லை எது, வரப்பு எதுன்னு தெரியாத கூட்டத்தை வெச்சு அறுத்தீங்கன்னா அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஐயோ, கடவுளே! நாளெல்லாம் புழுதியைத் தின்னுட்டு நிக்கறேன், இதுதானா பதில்?"

"யாரு உன்னைத் தின்னச் சொன்னது? இது யாரு போட்ட திட்டம்?"

"அப்பா."

"பூட்ஸைக் கழட்டிட்டுப் படுக்கத் தெரியாதவன். அவன் போட்டானா?"

அவள் பக்கத்திலிருந்த சக்கரத்தை ஓர் உதை உதைத்தாள்.

"சரி, நான்தான். அதுக்காக உங்க மேல பாசம் பொங்கிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. உங்க கோதுமை அழுகினா எனக்கென்ன, முளைச்சா எனக்கென்ன? ஒரு நாள் ஸ்கூலுக்கு மட்டம் போடலாம்னு பண்ணேன். அவ்வளவுதான்."

டெல்பர்ட் இடது கையால் சிரமப்பட்டுக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னிக்கு சனிக்கிழமை" என்றார்.