முட்டுக்கொடுத்த வாழை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாஸிலாவுக்கு அடுத்தவர் கஷ்டத்தைத் துருவித் துருவிக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. பிழைப்பும் அதுதான். எரிந்த கடை, இடிந்த சுவர், பறந்த கூரை எல்லாம் அவள் கையால் முழு ஆங்கில வாக்கியமாகித்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். எப்போது, எங்கே, எதனால், எவ்வளவு என்று தெரியாமல் முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள்.

அன்று வந்தவர் கன்னிவாடி சோலைமுத்து. முந்தின நாள் சூறைக்காற்றில் அவருடைய வாழைத்தோட்டம் சாய்ந்துவிட்டது.

"எல்லாம் போச்சு தாயி. அம்புட்டுத்தான், எழுது."

"எல்லாம்னா எத்தன மரம்ணே? வேரோட சாஞ்சுச்சா, நடுவுல ஒடிஞ்சுச்சா?"

முந்நூற்றுப் பத்து மரம், மாலை நாலரை மணி, மலைப்பக்கக் காற்று, அத்தனையும் வேரோடு. 'அப்ரூட்டட்' என்று தட்டினாள். அவ்வளவு பெரிய அழிவு ஒரே சொல்லில் அடங்கியதில் அவளுக்குச் சின்ன சந்தோஷம். அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

காலையில் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தவள் திகைத்தாள். மரமெல்லாம் முட்டுக்கம்போடு நிமிர்ந்து நின்றது.

"என்னண்ணே இது?"

"குல தள்ளுன மரம் தாயி. பிள்ளத்தாச்சிய மண்ணுல கெடக்க விடுவாகளா? விடிஞ்சதும் எல்லாருமாத் தூக்கி நிறுத்திட்டோம்."

நாளை இன்சூரன்ஸ் அதிகாரி பார்க்க வருகிறார். நிற்கிற மரத்துக்கு எவன் இழப்பீடு கொடுப்பான்? சோலைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"திரும்பச் சாச்சுப்புடவா?"

"வேணாம்ணே. நடந்தத நடந்தபடி எழுதுவோம்."

விழுந்த மரங்களைக் குடும்பத்தார் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், அவற்றின் வேர்கள் அறுந்துவிட்டன என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்தாள். நம்புவார்களா என்பதுதான் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் தான் எழுதிய சேதம் ஒன்றையும் அவள் நேரில் பார்த்ததில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கன்னிவாடி பஸ் ஏறினாள்.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். நேரே போய் ஒரு மரத்தின் முட்டுக்கம்பை எடுத்தார். குலையோடு மரம் அவர் தோளில் சாய்ந்தது.

"பிடிங்க, பிடிங்க!"

சோலைமுத்துவும் பாஸிலாவும் ஓடிப்போய்த் தாங்கினார்கள். எழுதும்போது அது இவ்வளவு கனக்கவில்லை.

"லெட்டர்ல இருக்கது சரிதான் பெரியவரே. மரத்தக் கீழ விடுங்க, எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி.

சோலைமுத்து விடவில்லை. பாஸிலாவும் விடவில்லை.